கழிவு

டிக்கோயா ஆஸ்பத்திரி மேசையில்
என் பெயருக்கு நேரே தொண்ணூற்றிரண்டு என்று எழுதியது
போன சித்திரையில்.
இப்போது எழுபத்தொன்று.
நோர்வூட் ஸ்டாண்டில் கிளிட்டஸ் கேட்கிறான்,
"த்ரீவீல் மேட்டுல பறக்குது, எஞ்சின் மாத்தினியா?"

குறைத்தது பெரிய காரியமில்லை.
பசிக்கத் தெரிந்தால் போதும்.
குறைத்த இடத்திலேயே நிற்பதுதான் கஷ்டம்,
தேயிலை வளைவில், மழையில்,
ஹேண்ட் பிரேக் பிடிக்காத வண்டியை
நிறுத்தி வைக்கிற மாதிரி.

தில்ருக்ஷி மிஸ்ஸுக்குத் தமிழில்
எண்கள் மட்டும் பிசகாமல் வரும்.
எடையைப் பத்தால் பெருக்கு.
உயரத்தை ஆறேகாலால்.
இரண்டையும் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழி.
கடைசியில் ஐந்து கூட்டு.
"ஏன் மிஸ் ஐந்து?"
"ஆம்பிளைக்கு."

சும்மா படுத்துக் கிடந்தாலும்
உடம்பு கேட்கிற கூலி அது.
செய்கிற வேலைக்கு இன்னொரு பெருக்கல்.
உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு ஒன்று புள்ளி இரண்டு.
ஆக மொத்தம் நாளொன்றுக்கு
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு.
பழைய உடம்புக்கு இரண்டாயிரத்து நூறு கிடைத்ததே என்றேன்.
மிஸ் சிரிக்கவில்லை.
"இருபத்தொரு கிலோ வேலையை விட்டுப் போச்சு.
அதுக்கும் சேத்து சமைக்க வேணாம்."

இதுவும் குத்துமதிப்புதானாம்.
இரண்டு கிழமை இந்தக் கணக்கில் தின்று பார்,
தராசு ஏறினால் நூறு குறை,
இறங்கினால் நூறு கூட்டு.

பெற்றோல் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில்
எழுத ஆரம்பித்தேன்.
கோதுமை ரொட்டி ஒன்று, இருநூறு.
கட்டச்சம்பல், தேங்காயைப் பொறுத்தது.
சீனி போட்ட பிளேன்டி நாற்பது,
சீனி போடாத பிளேன்டி வெறும் சூடு.

ஒரு போயா நாள், ஹயர் இல்லை.
பொழுது போகாமல் யோகமலருக்கும் போட்டுப் பார்த்தேன்.
நாற்பத்தொரு வயது, ஐந்தடி,
நாற்பத்து மூன்று கிலோ.
பொம்பிளைக்கு ஐந்து கூட்டுவதில்லை.
நூற்று அறுபத்தொன்று கழிக்க வேண்டும்.

கழிவு அவளுக்குப் புதிதில்லை.
கொழுந்து நிறுக்கிற இடத்தில்
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு,
முத்தல் இலைக்கு இன்னும் ஒன்று.
பதினெட்டு கிலோ வராத நாளில்
பெயரிலேயே பாதி போய் அரைப்பேர்.

வேலைக்கு என்ன பெருக்கல் என்று தேடினேன்.
மேசை வேலை இருக்கிறது.
நடை இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது.
முப்பது பாகைச் சரிவில்
நெற்றியில் கயிறு மாட்டி
அட்டைக் கடியோடு எட்டு மணி நேரம் நிற்பது
எந்தக் கட்டத்திலும் இல்லை.
இருப்பதில் பெரியது ஒன்று புள்ளி ஒன்பது. அதைப் போட்டேன்.
ஆயிரத்துத் தொளாயிரத்துச் சொச்சம்.
என்னைவிட அதிகம்.

அவள் தின்பதை எழுதினேன்.
காலையில் ரொட்டி ஒன்று.
பகலில் மலையிலேயே ஒன்று, ஆறியது.
பிளேன்டி நாலு தடவை.
ராத்திரி சோறு, உருளைக்கிழங்கு, பருப்புத் தண்ணி.
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.
ஆயிரத்து நானூறைத் தாண்டவில்லை.
கலியாணத்தில் ஐம்பத்தொரு கிலோ.
போன மார்கழியில் நாற்பத்தாறு.
தராசு பொய் சொல்லவில்லை,
நான்தான் என் பக்கம் மட்டும் பார்த்திருக்கிறேன்.

"எனக்குப் போதும்" என்று
அவள் தட்டோரம் தள்ளி வைத்த ரொட்டிகளை
இத்தனை வருஷமும் யார் தின்றது?
நான் இறக்கிய இருபத்தொன்றில்
எத்தனை கிலோ அவளுடையது?
இதற்குச் சூத்திரம் மிஸ்ஸிடம் இருக்காது.

பொழுது சாய்ந்து வந்தாள்.
தலையிலும் படங்கிலும் மழை.
தராசை வாசலில் போட்டு, ஏறச் சொன்னேன்.
"காலையில கொழுந்த நிறுத்தாங்க,
இப்ப என்னையுமா?"
ஏறினாள்.
முள் நாற்பத்தைந்தில் நின்றது.
அவளே குனிந்து பார்த்தாள்.
"படங்குக்கும் ஈரத்துக்கும்
ரெண்டு கிலோ கழிச்சுக்குங்க."

கொப்பியை மூடினேன்.
ரொட்டிக்கல் சூடாகவே இருந்தது.
இரண்டரை ரொட்டி பாக்கி என்றேன்.
"யாருக்கு?" என்றாள்,
முடியைப் பிழிந்துகொண்டே.